அண்ணன் இருந்தபோதே சொல்லியிருக்கலாம்

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 61. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் களம். தென்னை, கொஞ்சம் நெல். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீசில் எழுதிக் கொடுப்பது மலையாளம். என் அண்ணன் சாகும்வரை மார்க்சிஸ்ட் கட்சி மெம்பர். நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் அந்தக் கட்சித் தலைவர், பிறகு கேரள முதலமைச்சரான வி.எஸ். அச்சுதானந்தன் என்றால் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. 1997-இல் அவர் முன்னின்று நடத்திய போராட்டத்தில், வயலை நிரவித் தென்னையும் வாழையும் வைத்தவர்கள் தோட்டத்தில் இறங்கி வெட்டிச் சாய்த்தார்கள். ‘வெட்டிநிரத்தல்’ என்று பேப்பரில் தினமும் வரும். அந்தச் சமயம் என் ரெண்டு ஏக்கர் வயலில் தென்னம்பிள்ளை வைத்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் யாரும் வெட்ட வரவில்லை. ஆனாலும் ராத்திரியெல்லாம் டார்ச்சை வைத்துக்கொண்டு காவல் இருந்தேன்.

அண்ணனிடம், “உங்க ஆளு குடியானவனுக்கு எமன்” என்றேன். அவர், “வயல் போனா தண்ணி போகும், வேலைக்கு வர்றவங்களுக்குக் கூலி போகும், உனக்கு எங்க தெரியப்போகுது” என்றார். பேச்சு முற்றிவிட்டது. அப்புறம் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேசிக்கொள்வோம். 2016-இல் அவர் காலமாகிவிட்டார்.

எனக்கு மனசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. பிளாச்சிமடையில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய் ஆதிவாசிப் பெண்கள் குளிர்பான ஆலை வாசலில் உட்கார்ந்தபோது வி.எஸ். அங்கே வந்து நின்றார். 2008-இல் நெல்வயலைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தார். 2012-இல் கட்சியை விட்டுப் போன டி.பி. சந்திரசேகரனை வெட்டிக் கொன்றபோது கட்சிக்கே பிடிக்காவிட்டாலும் அந்த வீட்டு அம்மாவைப் போய்ப் பார்த்தார். இதையெல்லாம் பார்த்தும் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. போட்ட சண்டை போட்டதுதானே என்று இருந்துவிட்டேன்.

2025 ஜூலையில் அவர் இறந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து ஆலப்புழைக்கு உடலைக் கொண்டுபோன பஸ்ஸை டி.வி.யில் விடிய விடியப் பார்த்து அழுதேன். வாட்ஸ்அப்பில் அவர் படத்தை வைத்தேன். கம்பத்தில் இருக்கும் என் சகலை, “முல்லைப் பெரியாறுல எங்க வயித்துல அடிச்ச ஆளுக்கா அஞ்சலி?” என்று எழுதிவிட்டுக் குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார். மகன், “அப்பா கட்சி மாறிட்டாரு” என்று சிரிக்கிறான். அண்ணி மட்டும் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “உங்க அண்ணன் இருந்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்” என்றார். அன்றிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நான் அப்போது நினைத்தது தப்பா, இப்போது செய்வது வேஷமா?

பெயர் வேண்டாம், சித்தூர் தாலுகா.

பதில்:

அண்ணா, முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை, ஆலோசகர்தான். மாத்திரை எழுத மாட்டேன். அதனால் தூக்கத்தைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டு மணி முழிப்பு இன்னும் சில வாரம் தொடர்ந்தால், அல்லது சாப்பாடும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்று தோன்றினால், மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வெளியே போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசு எண்ணில் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரெண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதுக்குப் பதில் சுலபம்.

ஒரு தலைவர் இறந்த அன்றைக்கு மட்டும் மனசு மாறியிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். ஊரே அழும்போது நமக்கும் கண் கலங்கும். அதெல்லாம் பதினாறு நாளில் வடிந்துவிடும். உங்கள் கதை அப்படி இல்லை. பிளாச்சிமடைப் போராட்டம் தொடங்கியது 2002-இல், வயல் சட்டம் 2008-இல், வடகரைப் பக்கம் சந்திரசேகரன் வீட்டுக்கு அவர் போனது 2012-இல். பத்து வருஷமாக ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறீர்கள். வேஷம் போடுகிறவர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. ஜூலையில் நடந்தது மாற்றம் இல்லை, மாறியது வெளியே தெரிந்தது. அவ்வளவுதான்.

நீங்கள் மட்டும் மாறவும் இல்லை. கேரளமே அந்த மனிதர் விஷயத்தில் மாறியது. 1996 தேர்தலில் அவருடைய முன்னணி ஜெயித்தது, அவர் மாராரிக்குளத்தில் தோற்றார். முதலமைச்சராக வருவார் என்று எதிர்பார்த்தவர் சட்டசபைக்குள்ளேயே போகவில்லை. அப்போது அவரைப் பற்றி ஊரில் இருந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும்: சிரிக்கத் தெரியாதவர், இறங்கி வராதவர், எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு. 2001-இல் உங்களுக்குப் பக்கத்துத் தொகுதியான மலம்புழையில் நின்று ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த ஐந்து வருஷத்தில் காடு, நிலம், தண்ணீர் என்று எங்கே தகராறு என்றாலும் போய் நின்றார். 2006-இல் கட்சி முதலில் அவருக்கு சீட் தரவில்லை. ஜனங்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், கட்சி இறங்கி வந்தது, எண்பத்திரண்டு வயதில் முதலமைச்சரானார். பத்து வருஷத்துக்கு முன்னால் அவரைத் தோற்கடித்த அதே மாநிலம்தான்.

இதில் மாறியது அவரா, ஜனங்களா? என் கணக்கில் ரெண்டும். அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கேரளத்தில் 1970-களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேர் நெல் பயிரானது. 2007-08-இல் அது சுமார் 2.3 லட்சம். வயலில் தண்ணீர் நின்றால்தான் சுற்றியுள்ள கிணற்றில் ஊறும். வயல் தோப்பானால் நாற்று நட, களை பறிக்க, கதிர் அறுக்க வந்த பெண்களுக்கு வேலை இல்லை. உங்கள் அண்ணன் ஒரே வரியில் சொன்னது இதுதான். ஆக நோக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 1997-இல் அதற்குக் கையில் எடுத்தது கத்தி. கடன் வாங்கி வைத்த பயிரை, நோட்டீஸ் இல்லை கோர்ட் இல்லை என்று கும்பலாக வந்து வெட்டினால் எந்த விவசாயிக்கும் ஈரக்குலை நடுங்கும். டார்ச்சோடு நீங்கள் காவல் இருந்தது தப்பே இல்லை. 2008-இல் அதே நோக்கம் சட்டமாக வந்தது. வயலை நிரவக் கூடாது, விதிவிலக்கு வேண்டுமானால் விண்ணப்பம் போடு, பார்த்துச் சொல்ல பஞ்சாயத்துத் தலைவர், கிருஷி ஆபீசர், உள்ளூர் விவசாயிகள் அடங்கிய குழு. பிடிக்கவில்லை என்றால் வழக்குப் போடலாம். கத்தியோடு வந்தவரோடு வழக்கா போட முடியும்?

ஆகவே உங்கள் சந்தேகத்தில் பாதிக்குப் பதில் கிடைத்தது, பாதி அப்படியே நிற்கிறது. வழி தப்பு என்று அன்று நினைத்தீர்கள், இன்றும் நினைக்கலாம். நோக்கமே தப்பு என்றும் அன்று நினைத்தீர்கள், அதைத்தான் கைவிட்டிருக்கிறீர்கள். மனம் மாறுவதென்றால் பழையது முழுவதையும் தலைமுழுக வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பினால்தான் பாதிப் பேர் மாறியதை வெளியே சொல்வதே இல்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். எனக்கு சொந்த ஊர் குமரி மாவட்டம், விளவங்கோடு தாலுகா. கல்யாணமாகித்தான் பாலக்காட்டுக்கு வந்தேன். பாட்டாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, பலசரக்குக் கடை. 1954-இல் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் காலத்து ஆள் அவர். அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணி என்றால் உயிர். 1956 நவம்பர் 1-இல் எங்கள் நாலு தாலுகாவும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. அப்போது சென்னை முதலமைச்சர் காமராஜர். “மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது” என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு எங்கள் ஊரில் இன்றும் உலவுகிறது. எப்போது, யாரிடம் சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் இருக்காது. ஆனால் பாட்டா அதை நம்பினார். கடையில் யாராவது காமராஜரைப் புகழ்ந்தால் சாமான் கட்டுகிற கை நின்றுவிடும் என்று அம்மா சொல்வாள்.

1967-இல் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு இளைஞரிடம் தோற்றார். 1968-இல் நேசமணி இறந்தார். அவர் எம்.பி.யாக இருந்த நாகர்கோவில் இடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது, வந்து நின்றவர் காமராஜர். பாட்டா போய் ஓட்டுப் போட்டார், காமராஜருக்குத்தான். வீட்டில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பாட்டி கேட்டதற்கு அவர் சொன்னது: “பள்ளிக்கூடமும் சாப்பாடும் ஒரு பற்று. மலை போனது வேறெ பற்று. அது இன்னும் தீரல்லே.” கடைக்காரர் அல்லவா, ஒருவர் பேரிலேயே ரெண்டு பக்கம் வைத்திருந்தார். ஒன்றில் வரவு வைத்தார், மற்றதை அடிக்கவில்லை. கடைசிவரை தேவிகுளம் என்ற பேச்சு எடுத்தால் காமராஜரைத் திட்டுவார். 1971-இலும் அவருக்கேதான் ஓட்டு.

உங்கள் சகலை விஷயத்துக்கு இது உதவும். அவர் கோபத்தில் ஒரு பகுதி ஆள் மாறி விழுந்திருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதைத் தடுக்கக் கேரள சட்டசபை மார்ச்சில் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. அப்போது முதலமைச்சர் உம்மன் சாண்டி. வி.எஸ். பதவிக்கு வந்தது மே மாதம். அந்த விஷயத்தில் ரெண்டு முன்னணிக்கும் பேதம் இருந்ததே இல்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஆனால் புது அணை வேண்டும் என்று முதலமைச்சராக இருந்து வி.எஸ். பிடிவாதமாகக் கேட்டதும் உண்மை. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி நடவு செய்கிறவருக்கு அது வயிற்றில் அடிதான். அவரிடம் போய் வி.எஸ். நல்லவர் என்று வாதாட வேண்டாம். அணை விஷயத்தில் உங்கள் மனசு அவர் பக்கம் என்றால் அதைச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதையும் மழுப்ப வேண்டாம்.

பேச்சை ஆரம்பிக்க உங்களிடம் ஒரு நல்ல முனை இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வர வேண்டும். திறந்துவிட வேண்டியது தமிழ்நாடு. ‘இன்னும் திறக்கவில்லையே’ என்று ஒவ்வொரு கோடையிலும் காத்துக் கிடப்பது உங்கள் தாலுகா. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு தமிழ்நாட்டைத் திட்டுகிற ஜாதி நீங்கள். கேரளத்துத் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஜாதி அவர். தண்ணீருக்குக் காத்திருக்கிறவன் வாயில் என்ன வார்த்தை வரும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? குரூப்பில் வேண்டாம், போனிலும் வேண்டாம். அடுத்த கல்யாணம் காதுகுத்தில் பந்தியில் பக்கத்தில் உட்காருங்கள்.

பிளாச்சிமடையைப் பற்றியும் ஒன்று. அந்தக் குளிர்பான ஆலை வந்ததே இடதுசாரி ஆட்சிக் காலத்தில்தான். முதலில் போராடியவர்கள் மயிலம்மாவும் அவரைப் போன்ற ஆதிவாசிப் பெண்களும். லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது பெருமாட்டி பஞ்சாயத்து. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. வி.எஸ். ஆட்சி 216 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்கெடுத்த குழு அறிக்கையை வாங்கி, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011 பிப்ரவரியில் மசோதாவும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை, அந்த ஜனங்களுக்குப் பணமும் வரவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வெறுத்த ஆளைப் பிடித்துப் போன பிறகு எல்லா நல்லதையும் அவர் கணக்கிலேயே எழுதுகிற ஆசை வரும். முன்பு எல்லாக் கெட்டதையும் எழுதினீர்களே, அதே கைதான்.

மகன் சிரிப்புக்கு மருந்து கிடையாது. விடுங்கள். ஒன்று வேண்டுமானால் அவனிடம் சொல்லலாம். அமெரிக்காவில் 1973-இல் சில அரசியல் விஷயங்களைப் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்டு வைத்திருந்தார்கள். அதே ஆட்களிடம் 1982-இல் ‘அப்போது என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்டபோது, வந்த பதில்கள் 1973-இல் சொன்னதைவிட 1982-இல் அவர்கள் நினைத்ததற்கே நெருக்கமாக இருந்தன. கிரெகரி மார்கஸ் என்ற ஆய்வாளர் 1986-இல் இதை எழுதினார். அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, மனசே பழைய ஏட்டைத் திருத்திவிடுகிறது. ஜூலையில் வி.எஸ். படத்தை வைத்தவர்களில் 1997-இல் அவரைத் திட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களெல்லாம் எப்போதும் அவர் பக்கமே இருந்ததாக நம்பிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ‘எமன்’ என்று சொன்ன வார்த்தையை இருபத்தெட்டு வருஷம் கழித்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வார்த்தைதான் உங்களை ரெண்டு மணிக்கு எழுப்புகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்ட ரெண்டு கேள்வியும் வி.எஸ்.ஸைப் பற்றியவை. தூக்கம் போனது அண்ணியின் வாக்கியத்துக்குப் பிறகு.

இன்னொன்று கேட்கட்டுமா? “என் ரெண்டு ஏக்கர்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்போது ‘என்’ ஆயிற்று? பாகம் பிரித்தது 1994-க்கு முன்னாலா? வயலாக இருந்த நிலத்தில் நீங்கள் தென்னம்பிள்ளை வைத்தபோது அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவரும் சின்ன வயதில் அதே வயலில் இறங்கி நாற்று சுமந்தவராகத்தான் இருப்பார். என் ஊகம் தப்பாக இருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் என் முன்னால் வந்து உட்கார்ந்த அண்ணன் தம்பிகளில், கட்சிக்காக மட்டும் பேச்சை நிறுத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தலைவர் பெயரைச் சொல்லிச் சண்டை போடுவது சுலபம். ‘அப்பா உழுத வயலை என்னைக் கேட்காமல் மூடிவிட்டாயே’ என்று சொல்வது கஷ்டம்.

அண்ணி சொன்னதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தொன்பது வருஷம் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பியது அநேகமாக அவராகத்தான் இருக்கும். ‘சொல்லியிருக்கலாம்’ என்பதில் அவருடைய ஆற்றாமையும் இருக்கிறது. நீங்கள் சொல்லியிருந்தால் அவருக்கும் ஒரு பாரம் இறங்கியிருக்கும்.

போய்ப் பாருங்கள். சாயங்காலம், அவர் தனியாக இருக்கிற நேரமாக. வி.எஸ். பேச்சையே எடுக்க வேண்டாம். ‘அண்ணன் சொன்னதெல்லாம் சரி’ என்றும் சொல்லாதீர்கள். அது உண்மை இல்லை, அவருக்கும் தெரியும். “வயல் போனா தண்ணி போகும்னு அண்ணன் சொன்னாருங்க அண்ணி. அது நெசமாப் போச்சு. அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை அதிகம்.” இது போதும். அதற்கு மேல் நீட்டினால் உங்கள் பக்க நியாயம் தானாக உள்ளே நுழைந்துவிடும். டார்ச்சோடு காவல் இருந்த கதையை அன்றைக்கு மட்டும் சொல்லாதீர்கள்.

அவர் அழலாம், பழையதை எடுத்துத் திட்டலாம், ஒன்றுமே பேசாமல் காப்பி போடவும் போகலாம். எதுவானாலும் உட்கார்ந்திருங்கள். அண்ணனுடைய கட்சி ரசீதுகளோ, மெம்பர் கார்டோ, மாநாட்டுப் படமோ அலமாரியில் இருக்கும். பார்க்கிறேன் என்று கேளுங்கள். இவ்வளவு வருஷத்தில் நீங்கள் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

வெறுங்கையோடு போக வேண்டாம். அந்த ரெண்டு ஏக்கர் தேங்காயும் வேண்டாம். கொஞ்சம் நெல் உண்டு என்று எழுதியிருந்தீர்களே, அதில் ஒரு மூட்டை அரைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.